ஏ லெவலில் ஐசிடி இல்லையாமே: மகன் கணினி அறிவியல் எடுப்பதா, பிடெக் எடுப்பதா?

மாலைத் தொடருந்து எழுதியது:

வணக்கம். என் மகன் இங்கிலாந்தில் 11ஆம் ஆண்டில் படிக்கிறான். வரும் ஆகஸ்டில் ஜிசிஎஸ்இ, அதாவது பதினாறு வயதுப் பொதுப் பரீட்சையின் பெறுபேறு வந்ததும் பாடசாலையை விட்டு, ஏ லெவல் போன்ற இரண்டு ஆண்டுப் படிப்புகளை நடத்தும் ஆறாம் படிவக் கல்லூரி ஒன்றில் சேர விரும்புகிறான். சென்ற வாரம் அக்கல்லூரியில் பெற்றோருக்கான அறிமுக மாலைக்குப் போயிருந்தோம். கணினிப் பிரிவின் மேசையில் மூன்று துண்டுப் பிரசுரங்கள் இருந்தன: ஏ லெவல் கணினி அறிவியல், பிடெக் (தொழில்சார் தகுதி) தகவல் தொழில்நுட்பம், டி லெவல் டிஜிட்டல். நான் தேடிப் போன ஐசிடி, அதாவது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம், மூன்றிலும் இல்லை. அங்கே நின்ற இளம் ஆசிரியரிடம் கேட்டபோது, அப்படியொரு பாடம் இருந்ததாகத் தன் அக்கா சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு ஒரே நாளில் பத்து வயது கூடிவிட்டது.

நான் 2002இல் லண்டனில் ஏ லெவலுக்கு ஐசிடி படித்தவன். வீடியோ வாடகைக் கடை ஒன்றுக்கு அக்செஸில் தரவுத்தளம் செய்து, ஒவ்வொரு திரையையும் படம்பிடித்து ஒட்டி, கடைக்காரருக்கு ஒரு பயனர் கையேடும் எழுதிக் கொடுத்தேன். மகனும் அதே வகையான ஆள்தான். உறவினர் வீட்டில் அச்சுப்பொறி இயங்காவிட்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் குடும்பச் செலவு முழுவதையும் எக்செலில் போட்டு வைத்திருப்பவனும் அவன்தான். கணிதத்தில் அவனுக்கு எதிர்பார்க்கப்படும் தரம் 6. ஜிசிஎஸ்இயில் கணினி அறிவியல் எடுக்கவில்லை.

என் விருப்பம் ஏ லெவல் கணினி அறிவியல். பிடெக் என்பது படிப்பு ஏறாதவர்களுக்கு உரியது என்ற எண்ணம் எனக்குள் இருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வெண்பலகை எழுதியது:

தம்பி, நான் ஆறாம் படிவக் கல்லூரியில் நீங்கள் படித்த ஐசிடியையும் கற்பித்தவள். இப்போது கணினி அறிவியலையும் பிடெக்கையும் கற்பிக்கிறேன். உங்கள் கேள்விக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஐசிடி என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு விடயங்கள் கட்டப்பட்டிருந்தன. 2012 ஜனவரியில் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது: ஐசிடி என்ற பெயரைக் கைவிடுவது பற்றிச் சிந்தித்து, அதைக் கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், டிஜிட்டல் எழுத்தறிவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றது. அதே மாதத்தில் அப்போதைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், பாடசாலைகளில் நடந்துவந்த ஐசிடி பாடத்திட்டத்தை விலக்கப்போவதாக அறிவித்தார். 2014 செப்டெம்பரில் அதன் இடத்துக்குக் கம்ப்யூட்டிங் வந்தது. 2015 இறுதியில், ஜிசிஎஸ்இ, ஏ லெவல் இரண்டிலும் ஐசிடியை நிறுத்தும் முடிவு வந்தது.

அந்த முடிவில் பாதி நியாயம் இருந்தது என்பேன். வேர்டில் கடிதம் அமைப்பதையும் பவர்பாயின்டில் படம் நகர்த்துவதையும் வருடக்கணக்கில் கற்பித்து, பிள்ளைகளைச் சலிப்படைய வைத்த வகுப்புகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மறுபாதி நியாயம் காணாமல் போனது. நல்ல ஐசிடி வகுப்பில் ஒரு மாணவர் உண்மையான ஒரு பயனரைச் சந்தித்து, அவருக்கு என்ன தேவை என்று கேட்டு, அவர் கேட்டதற்கும் அவருக்குத் தேவைப்பட்டதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டுபிடித்து, ஒரு முறைமையை அமைத்துக் கொடுத்தார். நீங்கள் வீடியோக் கடைக்காரருக்குச் செய்தது அதைத்தான். அந்த வேலை கணினி அறிவியலின் நடுப்பகுதி அல்ல. அது இன்று பெரும்பாலும் பிடெக் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே, மகன் கணினியில் கெட்டிக்காரன் என்பதை வைத்துக்கொண்டு பாடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. அச்சுப்பொறியைச் சரிசெய்பவர் கணினி அறிவியலில் சிறந்து விளங்கவும் கூடும், முதல் ஆறு வாரத்திலேயே வெறுத்துப்போகவும் கூடும். இரண்டையும் கண்டிருக்கிறேன்.

பதின்மூன்றாம் ஆண்டு எழுதியது:

அங்கிள், நான் இப்போது இரண்டாம் ஆண்டில் ஏ லெவல் கணினி அறிவியல் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஓசிஆர் என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டம். இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் 140 புள்ளிகள், மொத்தத்தில் 40 விழுக்காடு வீதம். மீதி 20 விழுக்காடு செயற்றிட்டத்துக்கு. பலருக்கு வியப்பாக இருப்பது என்னவென்றால், அந்தப் பரீட்சை அறையில் கணினியே கிடையாது. நிரலையும் பேனாவால்தான் எழுத வேண்டும். ஏகியூஏ என்ற வேறு சபையின் பாடத்தை எடுக்கும் என் நண்பனுக்கு முதல் வினாத்தாள் திரையில் நடக்கும். முன்கூட்டியே தரப்பட்ட ஒரு நிரலைப் பரீட்சையன்று அவன் திருத்தியும் நீட்டியும் எழுத வேண்டும். ஆகவே கல்லூரி எந்தப் பரீட்சைச் சபையின் பாடத்தைக் கற்பிக்கிறது என்று கேளுங்கள். கையால் நிரல் எழுத முடியாமல் தவிப்பவர்களுக்கு இது சிறிய விடயம் அல்ல.

முதல் ஆண்டின் தொடக்கத்தில் எங்களை இரண்டாகப் பிரித்தது ஒரு சிறிய கேள்வி. அதே வகையில் ஒன்றை இங்கே எழுதுகிறேன், உங்கள் மகனிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு செயற்கூறு, அதாவது ஒன்றை வாங்கி விடை தரும் சிறு நிரல், இருக்கிறது. அதற்கு ஒரு முழு எண்ணைக் கொடுக்கிறோம். அந்த எண் 2இலும் குறைவாக இருந்தால் அதையே திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால், எண்ணை 2ஆல் வகுத்து, ஈவை மட்டும் எடுத்து, அதே செயற்கூறு தன்னையே மறுபடி அழைக்க வேண்டும். திரும்பி வரும் விடையைப் பத்தால் பெருக்கி, முன்பு வகுத்தபோது கிடைத்த மீதியைக் கூட்டித் தர வேண்டும். இப்போது 13ஐக் கொடுத்தால் என்ன வரும்?

13 போய் 6ஐ அழைக்கும், 6 போய் 3ஐ, 3 போய் 1ஐ. 1 தன்னையே திருப்பித் தரும். அதன்பின் பின்னோக்கி வர வேண்டும்: 1, 11, 110, 1101. பாதிப் பேர் கீழே இறங்கிய பிறகு மேலே ஏற மறந்துவிட்டு, விடை 1 என்று எழுதினார்கள். மீதிப் பேரில் சிலர் 1101 என்று எழுதிவிட்டு நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும், "இது 13இன் இரும எண் வடிவம் அல்லவா, அப்படியானால் 14க்கும் வருமா" என்று போட்டுப் பார்த்தாள். அந்த "அப்படியானால்" யாருக்குத் தானாக வருகிறதோ, அவருக்கு இந்தப் பாடம் பொருந்தும். (எனக்கு முதல் நாளில் வரவில்லை. விடை 1 என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.)

மஞ்சள் குடை எழுதியது:

அண்ணா, பிடெக் பற்றிய உங்கள் எண்ணம் எனக்கும் இருந்தது, அதனால் எழுதுகிறேன். நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மகள் பிடெக்கில் சேர்ந்திருக்கிறாள் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, பதினாறு வயதில் பொறியியல் பட்டப்படிப்பா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அந்தக் குழப்பத்தை நான் ஒரு வாரம் திருத்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவள் எடுத்தது பியர்சன் நடத்தும் தேசியப் பிடெக்கில் ஒரு ஏ லெவலுக்குச் சமமான அளவு. கூடவே இரண்டு ஏ லெவல்கள். "எழுத்துத் தேர்வு இல்லாத படிப்பு" என்று யாரோ சொன்னதை நம்பித்தான் சேர்த்தோம். அது தவறான தகவல். நான்கு அலகுகளில் இரண்டு வெளியிலிருந்து மதிப்பிடப்பட்டன. முதலாவது, தகவல் தொழில்நுட்ப முறைமைகள் பற்றிய இரண்டு மணி நேர எழுத்துத் தேர்வு. இரண்டாவது, கண்காணிப்பின் கீழ் கணினியில் ஒரு தரவுத்தளத்தை வடிவமைத்து, உருவாக்கி, சோதித்துக் காட்டும் பணி. படிப்பு நேரக் கணக்கில் இவ்விரண்டும் சேர்ந்து பாதியைத் தாண்டும். மீதி அலகுகளுக்குக் கல்லூரியிலேயே பணி ஒப்படைகள். அவை எளிது என்று எண்ணி விட்டுவிட்டால், வரிசையாக வரும் கெடு நாட்களில் பிள்ளை மூழ்கிப்போகும். ஆண்டு இறுதியில் ஒரே மூச்சில் படித்துத் தேறும் பழக்கமுள்ள பிள்ளைக்கு அது ஒத்துவராது.

அந்தத் தரவுத்தளப் பணிக்கு அவள் பயிற்சி எடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு விளையாட்டு மன்றத்தின் விவரங்கள் ஒரே அட்டவணையில் கொட்டிக் கிடந்தன: உறுப்பினர் பெயர், தொலைபேசி எண், அவர் சேர்ந்த வகுப்பு, வகுப்பின் நேரம், பயிற்றுநர் பெயர். ஒருவர் ஆறு வகுப்புகளில் இருந்தால் அவருடைய தொலைபேசி எண்ணும் ஆறு இடத்தில் இருந்தது. எண் மாறினால் ஆறையும் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. யாருமே சேராத புதிய வகுப்பைப் பதிவு செய்யவும் வழியில்லை, ஏனென்றால் உறுப்பினர் இல்லாமல் வரிசையே இல்லை. அவள் அதை உறுப்பினர், வகுப்பு, பயிற்றுநர், சேர்க்கை என்று நான்கு அட்டவணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திறவுகோல் வைத்து, இடையில் கோடு போட்டபோது, இது படிப்பு ஏறாதவர்களுக்கான வேலை என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

மாலைத் தொடருந்து எழுதியது:

மூவருக்கும் நன்றி. மஞ்சள் குடை தங்கச்சி சொன்ன நான்கு அட்டவணைகளைப் படித்தபோது என் வீடியோக் கடை நினைவுக்கு வந்தது. வாடிக்கையாளரையும் ஒளிநாடாவையும் நேராக இணைக்கப் பார்த்து, முடியாமல், கடைசியில் நடுவில் "இரவல்" என்ற அட்டவணையை வைத்துத் தப்பித்தேன்.

ஆனால் பல்கலைக்கழகம் என்று வரும்போது பிடெக்கை ஏற்பார்களா? இந்தக் கவலைதான் எங்கள் வீட்டில் பெரியது. அவனுடைய அம்மாவுக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

கிழக்குச் சாளரம் எழுதியது:

நான் மென்பொருள் பொறியாளர். பிடெக் படித்துப் பல்கலைக்கழகம் போனவன் என்பதால் இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியும். ஏற்பார்கள், ஆனால் எல்லோரும் அல்ல, எல்லாப் பட்டத்துக்கும் அல்ல.

பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் கணக்கில், ஒரு ஏ லெவல் அளவிலான பிடெக்கின் உச்சத் தரமான டிஸ்டிங்ஷன் ஸ்டாருக்கு 56 புள்ளிகள். ஏ ஸ்டாருக்கும் அதே 56. டிஸ்டிங்ஷனுக்கு 48, ஏ தரத்துக்கும் 48. அடுத்ததாகிய மெரிட்டுக்கு 32, அது சி தரத்துக்குச் சமம். பி தரத்துக்கு உரிய 40க்கு இணையாகப் பிடெக்கில் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். டிஸ்டிங்ஷனை ஒரு சிறு இடைவெளியில் தவறவிட்ட பிள்ளை ஒரேயடியாக 16 புள்ளிகள் கீழே விழுகிறது. என் வகுப்பில் இருவருக்கு அப்படி நடந்தது.

ஆனால் புள்ளிக் கணக்கைவிடப் பெரிய வாசல் வேறு இருக்கிறது. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்ட், இம்பீரியல் போன்ற இடங்களில் கணினி அறிவியல் பட்டத்துக்கு அவர்கள் கட்டாயமாகக் கேட்பது ஏ லெவல் கணிதம்; ஏ லெவல் கணினி அறிவியலைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. தமிழ்ப் பெற்றோர் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். கணினி அறிவியலை எடுத்துவிட்டுக் கணிதத்தை விட்டவரைவிட, கணிதத்தை எடுத்துவிட்டுக் கணினி அறிவியலை விட்டவருக்கு அந்தப் பட்டத்தில் கதவுகள் அதிகம். எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அவனுக்கு ஏ லெவல் கணிதம் சரிப்படுமா என்பது. அதற்குப் பதில் இல்லை என்றால், வணிகத் தகவல் முறைமைகள், தகவல் தொழில்நுட்ப மேலாண்மை, இணையப் பாதுகாப்பு போன்ற பட்டங்களில் கணிதம் கேட்காதவை நிறைய உண்டு. பட்டத் தொழிற்பயிற்சி என்ற வழியும் இருக்கிறது: வேலை செய்துகொண்டே, கட்டணம் செலுத்தாமல் பட்டம் பெறலாம். ஆனால் அதற்குப் போட்டி மிகக் கடுமை.

எனக்குக் கணிதம் இல்லை. பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் தனிநிலைக் கணித வகுப்பில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்க நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். தேறினேன், ஆனால் அந்த ஒரு பாடத்துக்குக் கொடுத்த நேரம் மற்ற மூன்றுக்கும் கொடுத்ததைவிட அதிகம்.

வெண்பலகை எழுதியது:

கிழக்குச் சாளரம் சொன்னதில் ஒன்றை மட்டும் சற்று மறுக்கிறேன். கணினி அறிவியலை எடுக்காமல் கணிதத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று கேட்பவர்கள் பொருள்கொள்ளக் கூடும். சேர்க்கைக்கு அது போதும். ஆனால் பட்டப்படிப்பைத் தொடங்கும்போது, ஒரு நிரலை ஆறு மாதம் உயிரோடு வைத்திருந்து வளர்த்த அனுபவம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் வேறுபாடு தெரிகிறது. அந்த அனுபவத்தை ஏ லெவல் செயற்றிட்டம் தருகிறது.

அந்தச் செயற்றிட்டத்திலும் இரண்டு சபைகளும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஏகியூஏ 75 புள்ளிகளில் 42ஐத் தொழில்நுட்பத் தீர்வுக்கு, அதாவது நிரலின் தரத்துக்கும் சிக்கலுக்கும் ஒதுக்குகிறது. மதிப்பீட்டுக்கு வெறும் 4. ஓசிஆர் 70 புள்ளிகளில் உருவாக்கத்துக்கு 25, மதிப்பீட்டுக்கு 20. நன்றாக நிரல் எழுதி, அதைப் பற்றி எழுதச் சோம்பல்படும் மாணவருக்கு முதலாவது வசதி. செய்ததைச் சிந்தித்து, பயனரிடம் காட்டி, குறையை ஒப்புக்கொண்டு எழுதத் தெரிந்தவருக்கு இரண்டாவது வசதி. உங்கள் காலத்து ஐசிடியின் நிழல் ஓசிஆர் செயற்றிட்டத்தில் கொஞ்சம் இன்னும் விழுகிறது என்று நான் சொல்வதுண்டு.

இன்னொன்று. நீங்கள் படித்தபோது முதல் ஆண்டின் ஏஎஸ் புள்ளிகள் இறுதித் தரத்தில் பாதியாகக் கணக்கில் வந்தன. 2015இலிருந்து இங்கிலாந்தில் அந்த இணைப்பு படிப்படியாக வெட்டப்பட்டுவிட்டது. இரண்டு ஆண்டுப் படிப்பும் கடைசி மே, ஜூன் மாதப் பரீட்சையில் நிற்கிறது. முதல் ஆண்டில் தளர்ந்துவிட்டு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்ற உங்கள் கால உத்தி இன்று உதவாது.

நாற்பத்தைந்து நாள் எழுதியது:

டி லெவலைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் தம்பி மகன் டிஜிட்டல் டி லெவல் முடித்தான். இது 2020 செப்டெம்பரில் தொடங்கிய படிப்பு. முதலில் வந்தவற்றில் டிஜிட்டல் உற்பத்தி, வடிவமைப்பு, உருவாக்கம் என்பதும் ஒன்று. ஒரு டி லெவல் மூன்று ஏ லெவலுக்குச் சமம், ஆகவே இதை எடுத்தால் வேறொன்றுக்கும் இடமில்லை. குறைந்தது 45 நாட்கள், மணிக் கணக்கில் 315, ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சி செய்ய வேண்டும்.

அந்த 45 நாட்கள்தான் இதன் சிறப்பு, இதன் தலைவலியும் அதுவே. கல்லூரி இடம் தேடித் தரும் என்றார்கள். முதல் இடம் கடைசி நேரத்தில் கைநழுவியது. இரண்டாவது இடத்தில் முதல் இரண்டு வாரம் பழைய மடிக்கணினிகளைத் துடைத்து எண் ஒட்டினான். மூன்றாவது வாரம் உதவி மேசையில் வரும் புகார்களை வகைப்படுத்தச் சொன்னார்கள். அவன் பைதானில் ஒரு சிறு நிரல் எழுதி, ஒரே வாசகத்தோடு திரும்பத் திரும்ப வரும் புகார்களைத் தனியாக எடுத்துக் காட்டினான். அதற்குப் பிறகு மடிக்கணினி துடைக்க விடவில்லை. இப்போது அங்கேயே தொழிற்பயிற்சியில் இருக்கிறான்.

பதினாறு வயதில் இதுதான் என் துறை என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்கு இது நல்லது. தெரியாத பிள்ளையை இதில் போட்டால் மூன்று பாடத்தையும் ஒரே கூடையில் வைத்தது போலாகும்.

மஞ்சள் குடை எழுதியது:

டீச்சரிடம் ஒரு கேள்வி. என் மகள் முதலில் கணினி அறிவியல் அறிமுக வகுப்புக்குத்தான் போனாள். இருபத்திரண்டு பேரில் பெண் பிள்ளைகள் இருவர். அது அவள் முடிவில் பங்கு வகித்தது என்று பின்னர் சொன்னாள். பழைய ஐசிடியிலும் இப்படித்தான் இருந்ததா?

வெண்பலகை எழுதியது:

இல்லை அம்மா. நான் எடுத்த ஐசிடி வகுப்புகளில் பெண் பிள்ளைகள் மூன்றிலொரு பங்குக்குக் குறைந்ததில்லை. ஏ லெவல் கணினி அறிவியலில் நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அவர்கள் எட்டவில்லை. ஐசிடியை எடுத்துவிட்டபோது நாங்கள் இழந்த பிள்ளைகள் எல்லோரும் கணினி அறிவியலுக்கு வரவில்லை. அவர்களில் பலர் கணினிப் பக்கமே திரும்பவில்லை. அந்த மாற்றத்தைப் பற்றிய என் வருத்தங்களில் முதலாவது இது.

வடக்கு அயர்லாந்திலும் வேல்ஸிலும் வேறு வழி கண்டார்கள். அங்கே டிஜிட்டல் தொழில்நுட்பம் என்ற பெயரில் ஏ லெவல் பாடம் இருக்கிறது. வெளிநாடுகளில் கேம்பிரிட்ஜ் சர்வதேசப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் தகவல் தொழில்நுட்பம் என்ற ஏ லெவல் உண்டு: இரண்டு எழுத்துத் தாள்கள், இரண்டு செய்முறைத் தாள்கள், விரிதாள் முதல் அசைவூட்டம் வரை. இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் கல்லூரியில் அந்த நடுப்பாதை பிடெக் வகையில்தான் கிடைக்கும். அதிலும் தகுதிகளின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. 2025 செப்டெம்பரிலிருந்து ஏ லெவல்களோடு சேர்த்து எடுப்பதற்கென்றே புதிய மாற்றுக் கல்வித் தகுதிகள் வரத் தொடங்கியுள்ளன. எனவே பிடெக் என்ற சொல்லோடு நின்றுவிடாமல், தகுதியின் முழுப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, மகன் நாடும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

பதின்மூன்றாம் ஆண்டு எழுதியது:

செயற்றிட்டத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கலாம் என்று யாராவது உங்கள் மகனிடம் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் அப்படிச் செய்தான். ஆசிரியர் திரையில் ஒரு செயற்கூறைக் காட்டி, "இந்த மாறியை ஏன் இங்கே பூச்சியமாக்கினாய்" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதைக் குறிப்பிட வேண்டும். பிறர் வேலையைத் தன்னுடையது என்று கொடுத்தால் முறைகேடு. அவன் முதலிலிருந்து வேறொரு செயற்றிட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று, அதற்குள் பெப்ரவரி வந்துவிட்டது.

மாலைத் தொடருந்து எழுதியது:

எல்லோருக்கும் ஒரு செய்தி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை மகனைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, தம்பி எழுதிய அந்தச் செயற்கூறையும், மஞ்சள் குடை தங்கச்சி சொன்ன விளையாட்டு மன்ற அட்டவணையையும் கொடுத்தேன். எது எந்தப் படிப்பு என்று சொல்லவில்லை.

செயற்கூறை இருபது நிமிடத்தில் முடித்தான். 1101 என்று சரியாகவே எழுதினான். நான் ஆவலோடு காத்திருந்தேன். "அப்படியானால்" எதுவும் வரவில்லை. தாளை மடித்து ஓரமாக வைத்தான். அட்டவணையை எடுத்தவன் மதியச் சாப்பாடு வரை எழும்பவில்லை. நான்கு அட்டவணைகளாகப் பிரித்தான். பிறகு, ஒரே வகுப்பைத் திங்கள் ஒரு பயிற்றுநரும் வியாழன் வேறொருவரும் நடத்தினால் என்ன செய்வது என்று கேட்டு, ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தான். பிறகு, ஓர் உறுப்பினர் விலகினால் அவருடைய பழைய வருகைப் பதிவை அழிப்பதா வைத்திருப்பதா என்று அவனுக்கும் அவனுடைய அம்மாவுக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. அவள் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டாள். அவன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடி வாசிக்கப் போனான். நான் பிடித்த பிடியை அந்த இடத்தில் விட்டுவிட்டேன்.

இப்போதைக்கு எங்கள் எண்ணம் இது: பிடெக் வகைத் தகவல் தொழில்நுட்பம் ஒன்று, அதோடு ஏ லெவல் பொருளியல், மூன்றாவதாகக் கணிதம். கணிதத்தில் 6 வந்தால் அந்தக் கல்லூரி ஏ லெவல் கணிதத்துக்கு எடுக்குமா என்பது தெரிய வேண்டும். அவனுடைய அம்மா இன்னும் முழுமனதாக இல்லை.

வெண்பலகை எழுதியது:

நல்ல சேர்க்கை. கணிதத்துக்குச் சில கல்லூரிகள் 6 கேட்கும், சில 7 கேட்கும். கல்லூரியின் அனுமதி நிபந்தனையில் எழுத்தில் இருக்கும், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். விண்ணப்பத்தில் மூன்றோடு நான்காவதாகப் புவியியலையோ வணிகத்தையோ மாற்றுப் பாடமாகக் குறிப்பிட்டு வையுங்கள்; பெறுபேறு நாளில் வரிசையில் நின்று யோசிப்பதைவிட அது நல்லது. பிடெக்கும் கணிதமும் கால அட்டவணையில் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்பதையும் இப்போதே கேளுங்கள். எங்கள் கல்லூரியில் மூன்று ஆண்டுகளாக விழுகின்றன. ஒவ்வொரு செப்டெம்பரிலும் நான் அதற்காகச் சண்டை போடுகிறேன்.

மாலைத் தொடருந்து எழுதியது:

இன்று காலை தொலைபேசியில் கேட்டேன். கணிதத்துக்கு அங்கே 6 போதுமாம், ஆனால் முதல் வாரத்தில் ஒரு அட்சரகணிதச் சோதனை வைப்பார்களாம். பிடெக்கோடு நேரம் மோதவில்லை. அட்சரகணிதப் பயிற்சிக்கு நல்ல புத்தகம் தெரிந்தவர்கள் தனி இழையில் சொல்லுங்கள். நான் அங்கே காத்திருக்கிறேன்.